மெத்தென்ற சீட்டு ஆகாது

தைப்பூசம் முடிந்து பாதயாத்திரைக் கூட்டம் ஓய்ந்ததும், பிப்ரவரி முதல் வாரத்தில், கன்னியாகுமரியில் இருந்து ஸ்ரீநகருக்குச் சைக்கிளில் கிளம்புகிறேன். 3,600 கிலோமீட்டருக்கு மேல் வரும். செய்தி பரவியதில் இருந்து கடைக்கு வருகிறவர்கள் வந்த வேலையை விட்டுவிட்டு இதைத்தான் பேசுகிறார்கள். "என்ன வண்டி, என்ன விலை?" என்பது முதல் கேள்வி. "எதுக்குண்ணே இந்த வயசுல?" என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்விக்கு, ஆசையாக இருக்கிறது என்பதைத் தவிர என்னிடம் பதில் கிடையாது. முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆனால் வண்டியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் சீட்டைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

திண்டுக்கல் பைபாஸ் பக்கம் குஷன் கடை வைத்திருக்கிறேன். ஆட்டோ, வேன், லாரி, எப்போதாவது ஒரு கல்யாண மண்டபத்து சோபா. அப்பாவிடம் கற்ற தொழில். ஒரு மனிதன் எதன் மேல் எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் எங்கே வலிக்கும் என்பதைத்தான் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புதிதாக வண்டி எடுத்த ஆட்டோக்காரத் தம்பி வந்து, "அண்ணே, நல்லா மெத்துனு போட்டுக் குடுங்க" என்பார். வருஷக்கணக்கில் நாக்பூர், டெல்லி என்று ஓட்டிய லாரி டிரைவர் வந்தால் ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கெட்டியாவே இருக்கட்டும்" என்பார். ஆட்டோவில் பத்து நிமிஷம் உட்கார்ந்து இறங்குகிற சவாரிக்கு மெத்தென்ற சீட்டு சுகம். பத்து மணி நேரம் உட்காருகிறவனுக்கு அதுவே எமன்.

ஃபோமை நாங்கள் டென்சிட்டி கணக்கில் வாங்குவோம். 32 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் 32 கிலோ எடை. டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு. ஆனால் டென்சிட்டி குறைந்த ஃபோம் சீக்கிரம் உட்கார்ந்துவிடும், திரும்ப எழாது. லாரி டிரைவர் சீட்டுக்கு அடியில் ரீபாண்ட் வைப்பேன். ஃபோம் கழிவுகளை அரைத்து, ஒட்டி, அழுத்திய கெட்டித் தட்டு அது. அதற்கு மேலே ஓர் இஞ்ச் மட்டும் மெதுவான ஃபோம். உடம்பின் பாரத்தை அடித்தட்டு தாங்கும். மேல்தட்டின் வேலை உறுத்தாமல் பார்த்துக்கொள்வது மட்டும்.

சைக்கிளில் நிலைமை இன்னும் மோசம். நாற்காலியில் உட்கார்ந்தால் தொடையும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். சைக்கிள் சீட்டில் பிட்டத்துக்கு அடியில் இருக்கிற இரண்டு எலும்பு முனைகள்தான் தாங்க வேண்டும். அடியில் இருப்பது பஞ்சு மாதிரி இருந்தால் அந்த இரண்டு முனைகளும் உள்ளே புதையும். புதைந்தால் நடுவில் இருக்கிற ஃபோம் மேலே எழும்பி, நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகிற இடத்தை அழுத்தும். ஒரு மணி நேரம் கழித்து அந்த இடம் மரத்துப்போகும். ஆன்லைனில் விற்கிற ஜெல் கவரை வாங்கி மாட்டிக்கொண்டு அரை நாள் ஓட்டியவர்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். நான் தொழில்காரன், எனக்கு என்ன கூச்சம்.

ஆக, சீட்டு கெட்டியாக இருக்க வேண்டும். அகலம் நம் எலும்புக்குப் பொருந்த வேண்டும். நடுவில் பள்ளமோ வெட்டோ இருக்க வேண்டும். அகலத்தை அளக்க ஒரு சுலப வழி உண்டு. வரிவரியாக இருக்கும் பார்சல் அட்டை ஒன்றை எடுத்து, மர ஸ்டூலில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, கால் முட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழி விழுந்திருக்கும். குழிகளின் நடுவுக்கு நடு அளந்தால் எனக்கு 12 செ.மீ. வந்தது. அதோடு இரண்டு மூன்று செ.மீ. சேர்த்துச் சீட்டு வாங்கினேன். கடைப் பையன் நான் அட்டை மேல் உட்கார்ந்து எழுவதைப் பார்த்து முதலில் சிரித்தான். அப்புறம் அவனும் உட்கார்ந்து பார்த்தான்.

வாங்கிய சீட்டில் எனக்கு ஒரு குறை. மேல் கவர் இரண்டு துண்டாக வெட்டித் தைத்தது. தையல் சரியாகத் தொடை உரசுகிற இடத்தில் ஓடியது. ஒரு நாள் ஓட்டத்துக்கு அது தெரியாது. நாற்பது ஐம்பது நாள் என்றால் அந்த ஒரு கோடு தோலை உரித்துவிடும். பிரித்தேன். திண்டுக்கல்லில் தோலுக்கா பஞ்சம்? பூட்டு, பிரியாணி மட்டுமில்லை, தோல் பதனிடுகிற ஊரும் இது. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையை ஊறவைத்துப் பதனிடுவார்கள் என்று அப்பா சொல்லுவார். தெரிந்தவர் ஒருவரிடம் மெல்லிய ஆட்டுத்தோலாக, தழும்பு இல்லாத ஒரு துண்டு வாங்கினேன்.

தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, சீட்டின் மேல் போட்டு, முதலில் பின்பக்கம் இரண்டு கிளிப், அப்புறம் மூக்கு நுனியில் ஒரு கிளிப் போட்டு இழுத்தேன். பக்கவாட்டை அதற்குப் பிறகுதான் இழுக்க வேண்டும். முதலிலேயே இழுத்தால் மேலே சுருக்கம் விழும். மூக்கு நுனியில் தோல் மிஞ்சி மடிப்பு மடிப்பாக நின்றது. மேலே எதையும் வெட்டாமல், கீழே மறைகிற பகுதியில் மட்டும் கத்தரியால் வி வடிவத்தில் வெட்டு விட்டு ஒவ்வொன்றாக உள்ளே மடக்கினேன். ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில் எடுத்தால் தோல் சீட்டின் வடிவத்திலேயே நின்றது. அப்புறம் பசை தடவி மறுபடி இழுத்து, அடியில் ஸ்டேப்ளர் பின். இப்போது மேலே கையை வைத்துத் தடவினால் ஒரு தையல் கூடக் கையில் படாது. கடையில் நான் செய்த வேலைகளில் மிகச் சின்னது இது. இவ்வளவு நேரம் எதற்கும் எடுத்துக்கொண்டதில்லை.

பேட் வைத்த சைக்கிள் ஜட்டி இரண்டு வாங்கியாயிற்று. அதை உள்ளே எதுவும் போடாமல் நேரடியாகப் போட வேண்டும், உள்ளாடையின் தையல்தான் புண்ணுக்கு முதல் காரணம் என்று வீட்டில் விளக்க வேண்டியிருந்தது. அந்தப் பேச்சை இங்கே எழுத முடியாது. ஒன்றைத் துவைத்து கேரியரில் காயப்போட்டால் அடுத்த நாளைக்கு ஆகும். உரசலுக்குத் தடவுகிற க்ரீமுக்குப் பதில் வாஸ்லின்.

கைப்பிடியும் என் வேலைதான். நீண்ட நேரம் உள்ளங்கையை அழுத்தி ஓட்டினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். அந்தப் பக்கமாக ஒரு நரம்பு ஓடுகிறது. கெட்டியான ஃபோம் ஒரு சுற்று, மேலே சீட்டில் மிஞ்சிய தோல். அதோடு ஹேண்டிலின் இரண்டு நுனியிலும் கொம்பு வைத்திருக்கிறேன், கையை மாற்றி மாற்றிப் பிடிக்க.

இனி வண்டி. ஸ்டீல் ஃப்ரேம், அகலமான டயர், கியர் உள்ளது. அலுமினியம் எடை குறைவு, ஆனால் ஸ்டீல் விரிசல் விட்டால் எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் ஒட்டிக்கொள்ளலாம். பேகம்பூரில் ஒரு பாய் கடை இருக்கிறது. என் சின்ன வயதில் வாடகை சைக்கிள் விட்ட கடை. இப்போது அவர் மகன் பார்க்கிறார், ஆனாலும் வீல் கோட்டம் எடுப்பது பெரியவர்தான். பின்வீலுக்கு 36 ஸ்போக்ஸ் போட்டு அவரே கட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு கம்பியாக விரலால் சுண்டி, சத்தம் கேட்டு, கால் திருகு திருகுவார். "பின்வீலு ஒழுங்கா இருந்தா உலகத்தையே சுத்தலாம்ப்பா. பாரம் அங்கதான்" என்றார். ஸ்போக்ஸ் நாலு, கியர் கேபிள் ஒன்று, பிரேக் கட்டை ஒரு ஜோடி, பின் கியரை ஃப்ரேமோடு பிடித்திருக்கிற அந்தச் சின்ன ஹேங்கர் ஒன்று கூடவே வருகின்றன. மற்றதெல்லாம் வழியில் கிடைக்கும். ஹேங்கர் மட்டும் அந்தந்த ஃப்ரேமுக்கென்றே வருவது. அது ஒடிந்து, மாற்று இல்லையென்றால் லாரி பிடிக்க வேண்டியதுதான்.

ட்யூப் விஷயத்தில் கொஞ்சம் யோசித்தேன். விலை உயர்ந்த சைக்கிள்களில் ஒல்லியான வால்வு வரும். அதற்கு அனந்தப்பூர் பக்கத்தில் ஏதோ ஒரு பஞ்சர் கடையில் காற்றடிக்கச் சொன்னால் அவர் நம்மைத்தான் பார்ப்பார். பைக்கில் வருகிற பருத்த வால்வு உள்ள ட்யூப் போட்டுக்கொண்டேன். பெட்ரோல் பங்கு, லாரி டயர் கடை, பைக் மெக்கானிக், எங்கே நின்றாலும் காற்று கிடைக்கும். நான்கு வழிச்சாலையில் பஞ்சருக்குக் காரணம் ஆணியைவிடக் கம்பி. லாரியின் ரேடியல் டயர் வெடித்து ஓரத்தில் கிடக்கும். அதிலிருந்து உதிர்கிற முடி போன்ற எஃகுக் கம்பி சைக்கிள் டயருக்குள் ஏறி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. ட்யூபை மாற்றிவிட்டுக் கிளம்பினால் பத்து நிமிஷத்தில் மறுபடி காற்று இறங்கும். டயரின் உள்பக்கத்தைப் பஞ்சால் தடவினால் பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே கம்பி. பிடுங்குவதற்குப் புருவம் பிடுங்குகிற இடுக்கி ஒன்று, மகளிடம் கேட்டு வாங்கியது.

பை நானே தைத்தேன். தைக்கத் தெரிந்தவன் கடையில் பை வாங்குவதா? லாரிக்குப் போடுகிற பி.வி.சி. தார்ப்பாய்தான் துணி. பின்கேரியரின் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி இரண்டு. தார்ப்பாய் தண்ணீர் விடாது, ஆனால் ஊசி போட்ட ஓட்டை வழியாக விடும். அதனால் தையல் எண்ணிக்கையைக் குறைக்க, அடியையும் இரண்டு பக்கத்தையும் ஒரே துண்டாக வெட்டி மடித்தேன். மிஞ்சிய தையல்களுக்கு உள்பக்கமாக அதே தார்ப்பாய்ப் பட்டையைப் பசை போட்டு ஒட்டினேன். ஜிப் கிடையாது. ஜிப் முதலில் தண்ணீர் விடும், அப்புறம் பல் விடும். வாயை மூன்று மடிப்பு சுருட்டிப் பக்கத்தில் பக்கிள் போட்டு மாட்டுவதுதான் சரி. முடித்ததும் உள்ளே பழைய தினத்தந்தியைத் திணித்து, வாயைச் சுருட்டி, மாடித் தொட்டியில் முக்கிப் பிடித்தேன். ஒரு மூலையில் மட்டும் பேப்பர் ஈரம். அங்கே இன்னொரு பட்டை.

பையின் கீழ் முன்மூலையைச் சாய்வாக வெட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் அழகுக்கு என்று நினைக்கிறார்கள். என் பாதம் நீளம்; பெடல் பின்னால் போகும்போது குதிகால் பையில் இடிக்கும். நாள் முழுக்க இடித்தால் பைத்தியம் பிடித்துவிடும். முதுகுப் பக்கம் வளையாமல் இருக்க பிளைவுட்டுக்குப் பதில், தேர்தல் நேரத்தில் வீதியெல்லாம் தொங்குகிற அந்தப் பிளாஸ்டிக் அட்டை. வேட்பாளர் படம் உள்பக்கமாக இருக்கிறது.

இரண்டு பையும் சேர்த்து 12 கிலோவுக்குள் அடக்க வேண்டும் என்பது கணக்கு. கம்பளி எதுவும் எடுக்கப்போவதில்லை. ஸ்ரீநகருக்கு முன்னால் வருகிற மலை ஊரான பனிஹால் பக்கம் மார்ச் கடைசியிலும் குளிரும், தெரியும். ஆனால் அதற்கு முன்னால் லூதியானா வருகிறது. திருப்பூருக்குப் பனியன் மாதிரி லூதியானாவுக்கு ஸ்வெட்டர். அதோடு நாட்டின் சைக்கிள் தொழிற்சாலைகளும் உதிரிபாகப் பட்டறைகளும் குவிந்து கிடக்கிற ஊரும் அதுதான். இங்கிருந்து கம்பளியைச் சுமந்துகொண்டு நாக்பூர் பக்கத்து விதர்பா வெயிலில் மிதிப்பானேன்? லூதியானாவில் ஸ்வெட்டரும் வாங்கி, தேய்ந்த செயினையும் மாற்றிக்கொள்ளலாம்.

எப்போது கிளம்புவது என்பதில்தான் பெரிய குழப்பம் இருந்தது. விவரம் தெரிந்த சைக்கிள்காரர்கள் பலர் அக்டோபரில் ஸ்ரீநகரில் தொடங்கித் தெற்கே வருவார்கள். குளிருக்கு முன்னால் மலையை இறங்கிவிடலாம், தக்காணத்தில் வடகிழக்குக் காற்று முதுகில் தள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குஷன் கடைக்காரனுக்கு ஆயுத பூஜை என்று ஒன்று இருக்கிறதே. வருஷம் முழுக்கக் கிழிந்த சீட்டில் ஓட்டியவர்கள்கூட ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் புது கவர் கேட்பார்கள். அந்த வருமானத்தை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வர வீடு இருக்காது. பூஜையை முடித்துவிட்டுப் போகலாம் என்றால் பஞ்சாப், அரியானாவில் நெல் அறுத்த தாளைக் கொளுத்துகிற நேரத்தில் அங்கே மிதிக்க வேண்டிவரும். டெல்லிக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மூச்சு வாங்கி வாங்கி மிதிக்கிறவன் அந்தப் புகையை மற்றவர்களைவிட அதிகமாக உள்ளே இழுப்பான்.

அதனால் தலைகீழாகப் போட்டேன். பொங்கலுக்குப் பிறகு கடையில் வேலை மந்தம், மைத்துனர் பார்த்துக்கொள்வார். பிப்ரவரியில் தெற்கே வெயில் பரவாயில்லை. ஒரு நாளைக்கு 75, 80 கிலோமீட்டர் என்று நிதானமாகப் போனால் மாதக் கடைசியில் நாக்பூர், மார்ச் நடுவில் டெல்லி, கடைசியில் ஜம்மு, ஏப்ரல் பிறக்கும்போது ஸ்ரீநகர். துலிப் தோட்டம் திறந்திருக்கும். காற்று பாதி வழிக்கு எதிர்க்காற்றுதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் பக்கம் மட்டும் தப்பித்தேன். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் உக்கிரமாக இருக்கும்.

பாதையைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தது லாரி டிரைவர்கள். எங்கள் ஊர் ஓரமாகப் போகிற சாலை அப்படியே ஸ்ரீநகர் வரை போகிறது, என்.எச். 44. 2010இல் சாலை எண்களை மாற்றுவதற்கு முன்னால் இது என்.எச். 7, அப்போது வாரணாசியில் முடியும். வயதான டிரைவர்கள் இன்றைக்கும் 'ஏழாம் நம்பர் ரோடு' என்பார்கள். மத்தியப் பிரதேசத்தில் லக்னாதோன் வரை பழைய ஏழும் புது நாற்பத்து நாலும் ஒன்றுதான். அங்கே பழையது ஜபல்பூர் பக்கம் திரும்பிவிடும், நாம் நேராகச் சாகர், ஜான்சி, குவாலியர், ஆக்ரா.

வேடசந்தூர் டிரைவர் ஒருவர் சீட்டு தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில் ரெக்சின் துண்டின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்து கொடுத்தார். அதில் ஊர்ப்பெயரைவிட ஆறுகள் அதிகம். தாமிரபரணி, வைகை, வேலூரில் காவிரி (பரமத்தி வேலூர்), கர்நூலில் துங்கபத்திரை, அதைத் தாண்டிக் கிருஷ்ணா, நிர்மலுக்கு முன்னால் கோதாவரி, மகாராஷ்டிர எல்லையில் பெண்கங்கா, நரசிங்பூரைத் தாண்டி நர்மதை, மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் நடுவில் சம்பல், ஆக்ராவில் யமுனை, லூதியானாவைத் தாண்டினால் சட்லெஜ், ராம்பனில் செனாப். "பாலம் வந்தா மட்டும் ஓரத்தை நம்பாதீங்கண்ணே. ரோட்டுல ஓரம் இருக்கும், பாலத்துல இருக்காது" என்றார். பாலத்துக்கு முன்னால் நின்று, பின்னால் வருகிற வண்டிகளைப் பார்த்து, இடைவெளி கிடைத்ததும் ஏறிவிட வேண்டும். மேம்பாலத்துக்கும் அதே விதி, அல்லது கீழே சர்வீஸ் ரோட்டில் இறங்கிவிடுவது. விளக்கே போடாமல் ஓரத்தில் நிற்கிற லாரிகள், எதிர்த்திசையில் வருகிற பைக்குகள் இரண்டுக்காகவும் பொழுது சாய்ந்தபின் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். தலைக்கவசம், பின்னால் சிவப்பு விளக்கு, பகலிலும் எரியும்.

நாக்பூரைத் தாண்டியதும் சிவனிக்கு முன்னால் பெஞ்ச் காடு. புலிகள் கடப்பதற்காகவே சாலையைத் தூண்கள் மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள்; அவை கீழே போகும், வண்டிகள் மேலே. காலை நன்றாக விடிந்தபின் அந்தப் பகுதிக்குள் போ, இடையில் எங்கேயும் இறங்காதே என்று எல்லா டிரைவர்களும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். டெல்லியைச் சுற்றிப் போகிற எக்ஸ்பிரஸ்வேயில் சைக்கிளுக்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் நகரத்துக்குள்ளேயே புகுந்து கடப்பதுதான் வழி.

தங்குவதைப் பற்றி நான் கவலைப்பட்ட அளவுக்கு டிரைவர்கள் கவலைப்படவே இல்லை. தமிழ்நாடு, கர்நாடகத்தில் லாட்ஜ். அதற்கு மேலே தாபாவில் சாப்பிட்டுவிட்டுக் கேட்டால் கயிற்றுக் கட்டில் கொடுப்பார்கள். அம்பாலாவைத் தாண்டினால் குருத்வாரா. தலையில் துணி கட்டிக்கொண்டு போக வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும், சாப்பாட்டை வீணாக்கக் கூடாது. அவ்வளவுதான். எனக்கு இந்தி 'கித்னா', 'பானி', 'ஆகே' அளவுக்குத்தான் வரும். "அது போதும்ணே, நாங்க அத வச்சுதான் இருவது வருஷமா ஓட்டுறோம்" என்றார் வேடசந்தூர் டிரைவர்.

பயிற்சி ஞாயிறுதோறும் நடக்கிறது. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் பைகளில் மணல் மூட்டை வைத்துக்கொண்டு ஏறுகிறேன். மேலே டீ, கையில் ஒரு சீப்பு சிறுமலைப் பழம், இறக்கம். கால் முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட்டு உயரம் போதவில்லை என்று அர்த்தம். குதிகாலைப் பெடலின் அடிமட்டத்தில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அந்த உயரம் வைத்த பின் எனக்கு வலி இல்லை. கனமான கியரில் தம் கட்டி மிதிப்பதை விட்டுவிட்டு, இலகுவான கியரில் வேகமாகச் சுற்றுவதுதான் இன்னும் பழக வேண்டியிருக்கிறது. எங்கள் தலைமுறை கியர் இல்லாத வண்டியில் டபுள்ஸ் அடித்து வளர்ந்தது. கால் தானாக அழுத்தத்தான் பார்க்கும்.

வடக்கே இருக்கிற மலையைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. காரணம் கொடைக்கானல். ஜம்முவைத் தாண்டிச் செனானியில் 2017இல் திறந்த 9 கிலோமீட்டர் சுரங்கத்தில் சைக்கிளை விடுவதில்லை என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். பட்னிடாப் வழியாகப் பழைய ரோட்டில் ஏறி இறங்க வேண்டும். பட்னிடாப் உயரம் சுமார் 2,000 மீட்டர். கொடைக்கானல் அதைவிட நூறு மீட்டர் உயரம். வத்தலக்குண்டில் இருந்து ஏறினால் ஒரே மூச்சில் 1,800 மீட்டர் ஏற்றம். உதம்பூரில் இருந்து பட்னிடாப்புக்கு 1,300கூட வராது. ஆக, ஜனவரியில் இரண்டு பையோடும் கொடைக்கானல் ஏறிவிட்டால் அந்தப் பரீட்சையை வீட்டுக்குப் பக்கத்திலேயே எழுதிய மாதிரி. என்னை யோசிக்க வைப்பது ராம்பன் பக்கத்து மண்சரிவுதான். மழை பெய்தால் ரோடு மூடும், நாள்கணக்கில்கூட. அதற்கென்று கையில் ஒரு வாரம் உபரியாக வைத்திருக்கிறேன். ஜம்முவிலேயே உட்கார்ந்திருக்கத் தயார்.

சில்லறை ஏற்பாடுகளில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். வெளி மாநிலத்து ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீருக்குள் நுழைந்ததும் செத்துவிடும். போஸ்ட்பெய்ட் என்றால் வேலை செய்யும். இதை இப்போதே மாற்றிக்கொண்டேன். தினம் ராத்திரி ஏழரைக்குப் போன் பண்ணாவிட்டால் அடுத்த ரயிலில் கிளம்பி வந்துவிடுவேன் என்று வீட்டில் உத்தரவு. ஆதார் நகல் நாலு, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்த சீட்டு, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள். கடலை மிட்டாயை இங்கே வாங்கவில்லை. கோவில்பட்டி வழியில்தானே இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல். கன்னியாகுமரியில் தொடங்கினால் நாலாம் நாள் மதியம் திண்டுக்கல் வந்துவிடும். 300 கிலோமீட்டர் மிதித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்து, குளித்து, சாப்பிட்டு, கட்டிலில் சாய்ந்தவன் மறுபடி எழுந்து கிளம்புவானா என்று கடையில் பந்தயமே நடக்கிறது. நான் கிளம்ப மாட்டேன் என்கிற பக்கம் மைத்துனர் பணம் கட்டியிருக்கிறார். நான் பைபாஸிலேயே போய்விடலாம், வீட்டுப் பக்கம் திரும்பவே வேண்டாம், ராத்திரி வேடசந்தூரில் தங்கலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். அதை வீட்டில் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துட்டுப் போங்க. கட்டிலை அன்னைக்கு மாடிக்கு ஏத்திடுறேன்."